கிளீனுக்கும் கிரன்ச்சுக்கும் நடுவே: ரேக் பிரீஆம்ப் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல ஒரே ஒலியைத் தேடி அலைந்தவர்களுடையவை. சுத்தமான கிளீனுக்கும் உறுமும் கிரன்ச்சுக்கும் நடுவே நிற்கும் ஒலி அது. அதை ரேக் பிரீஆம்பில் (பவர் ஆம்புக்கு முன்னால் கிட்டார் ஒலியை வடிவமைக்கும், சட்டத்தில் பொருத்தும் தனிப் பெட்டி) வரவழைப்பதுதான் இவர்களின் பாடு. அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். மற்ற கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் தேவாலய இசைக்குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்-அப் உள்ள கிட்டார், பழைய மார்ஷல் ஜேஎம்பி-1 பிரீஆம்ப், சாலிட் ஸ்டேட் பவர் ஆம்ப், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட பெட்டி வைத்திருக்கிறேன். மெதுவாக மீட்டினால் சுத்தமாகவும், அழுத்தி மீட்டினால் லேசாக உறுமியும் வரும் ஒலி எனக்கு வேண்டும். கிளீன் சேனல் உயிரற்று இருக்கிறது. ஓவர்டிரைவ் சேனலில் கெய்னைக் குறைத்தால் ஒலி மெலிந்து மணல் மணலாகக் கரகரக்கிறது. ரேக் கருவியில் இது வராது என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா ஐயா?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: வரும். நன்றாகவே வரும். ஆனால் உங்கள் நண்பர்கள் காரணமில்லாமல் சொல்லவில்லை. அந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப், வாக்ஸ் ஏசி30 போன்ற ஆம்ப்களில் ஒலி ஓர் இடத்தில் மட்டும் உடைவதில்லை (அலையின் முகடு வெட்டுப்பட்டு ஒலி உறுமுவதைத்தான் உடைவது என்கிறேன்). முன்வரிசை வால்வு கொஞ்சம் உடைக்கும். பவர் வால்வுகளுக்கு அலையைப் பிரித்து அனுப்பும் ஃபேஸ் இன்வெர்ட்டர் கொஞ்சம் உடைக்கும். டீலக்ஸ் ரிவெர்பில் இருக்கும் இரண்டு 6வி6 வால்வுகளும், ஏசி30-இல் இருக்கும் நான்கு இஎல்84 வால்வுகளும் தங்கள் பங்கைச் சேர்க்கும். அழுத்தி மீட்டும்போது மின்வழங்கியின் வோல்டேஜ் சற்றுத் தாழும். ஸ்பீக்கர் காகிதமும் தன் பங்குக்கு வளைந்து கொடுக்கும். இப்படிப் பல இடங்களில் சிறிது சிறிதாக உடைவதால்தான் கையின் அழுத்தத்துக்கேற்ப ஒலி வழுக்கிக்கொண்டு மாறுகிறது. உங்கள் ரேக்கில் பிரீஆம்புக்குப் பிறகு இருப்பவை எல்லாம் ஒலியைப் பெரிதாக்குவதோடு நின்றுவிடுகின்றன. மொத்தப் பொறுப்பும் ஜேஎம்பி-1-க்குள் இருக்கும் இரண்டு ஈசிசி83 (12ஏஎக்ஸ்7 என்றும் பெயர்) வால்வுகள் மேல் விழுகிறது.

சில எண்களைப் பார்ப்போம். சாதாரண சிங்கிள் காயில் பிக்-அப் மீட்டும்போது ஏறத்தாழ 0.1 முதல் 0.2 வோல்ட் தரும். நல்ல ஹம்பக்கரில் ஆறு தந்திகளையும் அடித்தால் அரை வோல்ட்டைத் தாண்டும். வழக்கமான முறையில் பயாஸ் (வேலை செய்யும் புள்ளியை நிர்ணயிக்கும் வோல்டேஜ்) செய்த 12ஏஎக்ஸ்7 வால்வின் கிரிட் (சிக்னல் நுழையும் முனை) ஒரு வோல்ட்டுக்கு மேல்தான் முரண்டு பிடிக்கும். அதாவது பிக்-அப் மட்டுமே முதல் நிலையை (சிக்னலைப் பெருக்கும் முதல் படியை) உடைப்பதில்லை. முதல் நிலை அதை ஐம்பது அறுபது மடங்காக்கி அனுப்ப, இரண்டாம் நிலைதான் உடைகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கட்டுப்பாட்டுக்குத்தான் கெய்ன் என்று பெயர்.

இனி உங்கள் மணல் கரகரப்புக்கு வருகிறேன். அதிக கெய்னுக்காக வடிவமைத்த பல சேனல்களில் ஒரு நிலையை வேண்டுமென்றே 'குளிர்ந்த' பயாஸில் வைத்திருப்பார்கள். பயாஸை நிர்ணயிக்கும் கத்தோடு ரெசிஸ்டர் வழக்கமாக 1.5 கிலோ ஓம் என்றால், மார்ஷல் ஜேசிஎம்800 வழியில் அது 10 கிலோ ஓம். சோல்டானோ எஸ்எல்ஓ வழியில் 39 கிலோ ஓம். இந்த நிலை அலையின் ஒரு பக்கத்தை மிகச் சீக்கிரமாக வெட்டிவிடும். கெய்ன் நிறைய இருக்கும்போது அந்த வெட்டு மற்ற உடைவுகளோடு கலந்து இனிக்கும். கெய்னைக் குறைத்தால் மற்றவை விலகிக்கொள்ள, அந்த ஒருபக்க வெட்டு மட்டும் தனியாகக் கேட்கும். ஸ்வரம் அடங்கும்போது வால் பகுதியில் கேட்கும் கரகரப்பு பெரும்பாலும் அதுதான். எனவே உயரமான சேனலிலிருந்து இறங்கி வராதீர்கள். தாழ்வான சேனலிலிருந்து ஏறி வாருங்கள்.

கிளீன் சேனல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கெய்னை 16-க்கு மேல் வையுங்கள் (ஜேஎம்பி-1-இல் அது 20 வரை போகும்). பிரீஆம்புக்கு முன்னால் ஒரு பூஸ்ட் பெடல் போடுங்கள். 12 டெசிபல் என்பது நான்கு மடங்கு வோல்டேஜ். உங்கள் ஹம்பக்கருக்கு அது தாராளம். நான் விரும்புவது ஏழு பட்டை ஈக்வலைசர் பெடல். பாஸ் ஜிஇ-7 போன்ற ஒன்றில் 100, 200 ஹெர்ட்ஸ் பட்டைகளை மூன்று நான்கு டெசிபல் கீழே இழுத்து, லெவலை மேலே ஏற்றுங்கள். தடித்த தந்திகளின் அடிஒலிதான் வால்வை முதலில் நிரப்பிவிடுகிறது. அதை வாசலிலேயே குறைத்துவிட்டால் மெல்லிய தந்திகளுக்கு இடம் கிடைக்கும். இழந்த அடிஒலியைப் பிரீஆம்பின் பேஸ் கட்டுப்பாட்டில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். டியூப் ஸ்க்ரீமர் வகைப் பெடலும் இதே வேலையைச் செய்யும். டிரைவைப் பூஜ்யத்தில் வைத்து லெவலை ஏற்றினால் போதும். ஆனால் அது 700 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் மூக்கடைத்த ஒரு புடைப்பைச் சேர்க்கும். துதிப் பாடல்களில் பின்னணியில் கார்டு பிடிக்கும் உங்களுக்கு அது தேவைப்படாது.

ஓர் எச்சரிக்கை. பல ரேக் பிரீஆம்ப்களில் வால்வுக்கு முன்னால் ஒரு சிலிக்கான் சுற்று நிற்கிறது. பூஸ்டைக் கூட்டிக்கொண்டே போனால் வால்வுக்கு முன்பே அது நிரம்பிவிடும். அப்போது ஒலி உறுமாது, பட்டென்று வெடிக்கும். அந்த வெடிப்பு கேட்டதும் பூஸ்டைக் குறைத்துவிடுங்கள்.

அளவை எப்படிப் பிடிப்பது? கிட்டாரின் வால்யூமை 7-இல் வையுங்கள், 10-இல் வேண்டாம். மேலே கொஞ்சம் இடம் மிஞ்ச வேண்டும். மூன்றாவது தந்தியில் ஒரு ஸ்வரத்தைச் சாதாரணமாக மீட்டுங்கள். அது சுத்தமாக இருக்க வேண்டும். அதே ஸ்வரத்தை, வீட்டில் யாராவது திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அழுத்தி மீட்டுங்கள். தொடக்கத்தில் மட்டும் ஒரு சொரசொரப்பு வந்து, உடனே தெளிய வேண்டும். பிறகு ஈ மேஜர் கார்டை ஆறு தந்திகளிலும் இழுத்து அடியுங்கள். அது கண்டிப்பாக உடைய வேண்டும். ஆனால் உள்ளே இருக்கும் ஜி ஷார்ப் தனியாகக் காதில் விழ வேண்டும். அது குழம்பிக் கூழாகிவிட்டால் கெய்ன் அதிகம். உடையும் சுற்றில் இரண்டு ஸ்வரங்கள் சேரும்போது அவற்றின் கூட்டலும் கழித்தலுமாகப் புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. ஐந்தாம் ஸ்வரம் சேர்ந்தால் அவை ஒத்துப்போகும். மூன்றாம் ஸ்வரம் சேர்ந்தால் சண்டையிடும். அந்தச் சண்டை எந்த இடத்தில் தொடங்குகிறதோ, அந்த இடத்துக்குச் சற்றுக் கீழேதான் நீங்கள் தேடும் ஒலி இருக்கிறது.

என் பழுதுபார்க்கும் மேசையில் இதை ஆசிலாஸ்கோப்பில் பார்ப்பது எனக்கு இன்றும் அலுக்காத காட்சி. தந்தியை அழுத்தி மீட்டியதும் அலையின் ஒரு பக்க முகடு மட்டும் தட்டையாகிறது. மறுபக்கம் உருண்டையாகவே இருக்கிறது. தந்தி அடங்க அடங்க அந்தத் தட்டை சுருங்கி, முகடு மெல்ல உருண்டு எழுகிறது. அந்த மாற்றம் திரையில் நிதானமாக நடந்தால் அளவு சரி. தட்டையாகவே இருந்து திடீரென்று உருண்டையானால் நீங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்.

நாய்ஸ் கேட் (ஒலி தாழ்ந்ததும் இரைச்சலோடு அதையும் மூடிவிடும் சுற்று) இருந்தால் அணைத்துவிடுங்கள். ஒலியின் அழகு அது அடங்கும் பகுதியில் இருக்கிறது. கேட் அதைத்தான் முதலில் வெட்டுகிறது. முன்னால் கம்ப்ரெஸ்ஸர் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். மெதுவாக மீட்டுவதற்கும் அழுத்தி மீட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டைத்தான் நாம் வால்வுக்கு ஊட்டப் பார்க்கிறோம். அது வாசலிலேயே சமன் ஆகிவிட்டால் வால்வு என்ன செய்யும்?

பெடல் வாங்க இப்போது வசதியில்லை என்றால், ஓவர்டிரைவ் 1 சேனலில் கெய்ன் 5, கிட்டார் வால்யூமும் 5 என்று தொடங்கிப் பாருங்கள். முதல் வழி அளவுக்குத் திறந்த ஒலி வராது. ஆனாலும் ஒரு ஞாயிறு ஆராதனைக்குத் தாராளமாகப் போதும். ஓவர்டிரைவ் 2 இந்த வேலைக்கு ஆகாது. அதைத் தொடாதீர்கள்.

மேடையில் டிரம்ஸ் சத்தம் ஏறும்போது கிட்டார் வால்யூமைத் திருகி ஈடுகட்டப் பார்ப்பீர்கள். உடனே ஒலி உடைந்துவிடும். வால்யூம் பெடல் ஒன்றைப் பிரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவே வையுங்கள். முன்னால் வைத்தால் அது உடைவை மாற்றும். பின்னால் வைத்தால் சத்தத்தை மட்டும் மாற்றும். இரண்டுமே தேவையான கருவிகள்தான். எது எதற்கு என்று காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சாலிட் ஸ்டேட் பவர் ஆம்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓம் அல்ல. அடியில் அதன் ஒத்ததிர்வு இடத்திலும், மேலே உச்ச ஒலிகளிலும் அது பல மடங்கு ஏறும். வால்வு பவர் ஆம்ப் அந்த ஏற்றத்தைப் பின்பற்றி அந்த இடங்களில் ஒலியை உயர்த்தும். சாலிட் ஸ்டேட் பின்பற்றாது, இறுக்கமாக நிற்கும். அதனால் பேஸ், பிரெசென்ஸ் இரண்டையும் நீங்கள் வழக்கமாக வைப்பதைவிட ஓர் எண் கூட்டுங்கள். ஒலி மூச்சு விடும்.

கேள்வி: என்னிடம் மெசா பூகி ட்ரைஆக்சிஸ் பிரீஆம்ப் இருக்கிறது. எட்டு மோடுகளில் எதில் தொடங்குவது? டிரெபிளைக் கூட்டினால் கெய்னும் கூடுவதுபோல் இருக்கிறது. என் காது ஏமாற்றுகிறதா?
— ஒரு வாசகர், டொரோன்டோ

பதில்: உங்கள் காது சரியாகத்தான் கேட்கிறது. ட்ரைஆக்சிஸ், மெசாவின் மார்க் வரிசை ஆம்ப்களின் வழியில் வந்தது. அந்த வழியில் டோன் கட்டுப்பாடுகள் முன்வரிசையிலேயே, உடைவு நடக்கும் நிலைகளுக்கு முன்னால் நிற்கின்றன. டிரெபிளை ஏற்றினால் அடுத்த நிலைக்குப் போகும் சிக்னலே பெரிதாகிறது. மார்ஷல் வழியில் டோன் கட்டுப்பாடுகள் உடைவுக்குப் பின்னால் வருவதால் இப்படி நடக்காது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு ஒரு கருவியின் செட்டிங்கை இன்னொன்றில் நகலெடுப்பவர்கள்தான் "என் பிரீஆம்ப் மோசம்" என்று விற்கக் கிளம்புகிறார்கள்.

ரிதம் கிரீனில் தொடங்குங்கள். கெய்ன் 7, டிரெபிள் 6.5, மிடில் 5, பேஸ் 2. ஆம், இரண்டுதான். டோன் முன்னால் இருப்பதால் பேஸைக் கூட்டினால் அது உடைவுக்குள் புகுந்து கொழகொழவென்று ஆகிவிடும். அடிஒலி வேண்டுமானால் பிரீஆம்புக்குப் பின்னால் ஓர் ஈக்வலைசரில் சேருங்கள். டைனமிக் வாய்ஸை அணைத்தே வையுங்கள். மார்க் ஆம்ப்களின் கிராஃபிக் ஈக்வலைசரில் போடுவார்களே, நடுவில் பள்ளம் விழும் வி வடிவம், அதைத்தான் அது தருகிறது. கனத்த ரிதமுக்கு அது அருமையான சாதனம். நாம் தேடும் ஒலியோ முழுக்க முழுக்க நடு அதிர்வெண்களில் குடியிருக்கிறது.

இன்னும் கொஞ்சம் முரட்டுத்தனம் வேண்டுமென்றால் லீட் 1 யெல்லோவுக்குப் போங்கள். அங்கே லீட் 1 டிரைவை 3-க்கு மேல் ஏற்றாமல், கெய்னை மட்டும் அசைத்துப் பாருங்கள்.

பவர் ஆம்ப் மாற்றும் எண்ணம் இருந்தால், அதே நிறுவனத்தின் பழைய 20/20 ஒன்று கண்ணில் படுகிறதா பாருங்கள். பக்கத்துக்கு 20 வாட், இஎல்84 வால்வுகள். சிறிய கூடத்தில்கூட அதை அதன் எல்லைவரை ஓட்ட முடியும். பிரீஆம்ப் பாதி உடைக்க, பவர் ஆம்ப் மீதியை உடைக்கும். ரேக்கில் பழைய காம்போ ஆம்பின் (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது) நடத்தைக்கு இதைவிட நெருக்கமாகப் போகும் வழி எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி: கிட்டார் வால்யூமைக் குறைத்து ஒலியைத் தெளிவாக்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குக் குறைத்தால் தெளிவு வரவில்லை, போர்வையால் மூடியதுபோல் மங்கிவிடுகிறது. ஏன்?
— ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: உங்கள் கேபிள்தான் உச்ச ஒலியைக் குடிக்கிறது. சாதாரண கிட்டார் கேபிள் மீட்டருக்கு ஏறத்தாழ 100 பைகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் கொண்டது. வால்யூம் 10-இல் இருக்கும்போது அது அவ்வளவாகத் தெரியாது. 6, 5 என்று இறக்கும்போது வால்யூம் பாட்டின் (திருகும் பொட்டென்ஷியோமீட்டரின்) ரெசிஸ்டன்ஸ் சிக்னலுக்கும் கேபிளுக்கும் நடுவே வந்து நிற்கிறது. இரண்டும் சேர்ந்து உச்ச ஒலியை வடிகட்டிவிடுகின்றன.

ஒரு 150 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் 1 நானோஃபாரட் கெப்பாசிட்டரையும் இணையாக முறுக்கி, வால்யூம் பாட்டின் உள்வரும் முனைக்கும் வெளியேறும் முனைக்கும் நடுவே பற்றவையுங்கள். இதற்கு டிரெபிள் பிளீட் என்று பெயர். சில ரூபாய்ச் சாமான், வானொலி பழுதுபார்ப்பவர் எவரும் நிமிடங்களில் செய்து தருவார். அதிகக் கூர்மையாகத் தோன்றினால் கெப்பாசிட்டரை 680 பைகோஃபாரடுக்குக் குறையுங்கள். கேபிளின் நீளத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். மூன்று மீட்டர் போதும் இடத்தில் ஒன்பது மீட்டர் எதற்கு?

இதைச் செய்தபின் வால்யூமை 10-இலிருந்து 5 வரை மெல்ல இறக்கிக்கொண்டே ஒரே கார்டை மீட்டிப் பாருங்கள். ஒரு பிரீசெட்டுக்குள் (சேமித்து வைத்த செட்டிங்குக்குள்) எத்தனை ஒலிகள் இருக்கின்றன என்று தெரியும். நூறு பிரீசெட்டுகளை நிரப்பி வைப்பதைவிட இது எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

கேள்வி: பிரீஆம்பின் 12ஏஎக்ஸ்7 வால்வுக்குப் பதில் குறைந்த கெய்ன் உள்ள வால்வைச் செருகினால் இந்த ஒலி எளிதாகக் கிடைக்குமா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஓரளவுக்கு. 12ஏஎக்ஸ்7-இன் பெருக்கக் காரணி 100. 5751-க்கு 70, 12ஏடி7-க்கு 60, 12ஏஒய்7-க்கு 44 அளவில், 12ஏயூ7-க்கு 20-க்குள். ஒரே காலமைப்பு என்பதால் எல்லாம் செருகும். ஆனால் சுற்று 12ஏஎக்ஸ்7-க்காகக் கணக்கிடப்பட்டது. 12ஏயூ7-ஐ முதல் இடத்தில் போட்டால் ஒலி பாதியில் படுத்துவிடும். முதல் இடத்துக்கு நான் பரிந்துரைப்பது 5751 மட்டும். தாளில் 3 டெசிபல் குறைவுதான். ஆனால் சுத்தத்திலிருந்து உடைவுக்குப் போகும் பாதை சற்று நீண்டு, கைக்கு அதிக இடம் கிடைக்கிறது.

ஒரே வால்வுக்குள் இரண்டு டிரையோடுகள் (தனித்தனிப் பெருக்கும் பகுதிகள்) இருக்கின்றன. ரேக் பிரீஆம்பில் அவற்றைப் பல சேனல்கள் பகிர்ந்துகொள்ளும். உங்கள் லீட் ஒலியும் சேர்ந்து மாறும் என்பதை எண்ணிச் செய்யுங்கள். மூடியைத் திறக்கும் வேலையைத் தெரிந்தவரிடமே கொடுங்கள். பிளக்கை உருவிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான வோல்டேஜ் தங்கியிருக்கும்.

கேள்வி: ஸ்பீக்கர் பெட்டி இல்லை. பிரீஆம்பிலிருந்து நேராக மிக்ஸருக்குப் போகிறேன். ஒலி கொசு போல ரீங்கரிக்கிறது.
— ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறக்குறைய மௌனமாகிவிடும். மிக்ஸரும் பெரிய ஸ்பீக்கர்களும் அப்படியில்லை. உடைந்த அலையின் உச்ச ஒலிகள் அனைத்தையும் காட்டிக் கொடுத்துவிடும். ஸ்பீக்கரின் ஒலியைப் போலச் செய்யும் ஸ்பீக்கர் எமுலேஷன் அவுட்புட் இருந்தால் (ஜேஎம்பி-1-இல் இருக்கிறது) அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைப் பிடித்த பதிவு) ஏற்றும் பெடல் ஒன்று வாங்குங்கள். கிரீன்பேக் வகை ஸ்பீக்கரின் பதிவைத் தேர்ந்தெடுங்கள், இந்த ஒலிக்கு அது பொருந்தும். அதுவரை மிக்ஸரில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டிவிட்டுச் சமாளியுங்கள்.

கேள்வி: பழைய ஏடிஏ எம்பி-1 பிரீஆம்ப் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: 1987-இல் வந்த கருவி. மிடி (இசைக்கருவிகள் பேசிக்கொள்ளும் டிஜிட்டல் மொழி) வழியாக வால்வு பிரீஆம்பைக் கட்டுப்படுத்தலாம் என்று பலருக்குக் காட்டியது அதுதான். முரட்டு டிஸ்டார்ஷனுக்குப் பெயர்பெற்றது என்றாலும், அதன் கிளீன் டியூப் வாய்ஸில் ஓவர்டிரைவ் 1-ஐ ஏற்றிக்கொண்டு போனால் இன்று நாம் பேசிய ஒலி கிடைக்கும். அதனால் எனக்கு அதன்மேல் மதிப்பு உண்டு.

வாங்கும் முன் பின்பக்கத்தில் வோல்டேஜைப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்ததென்றால் 120 வோல்ட்டாக இருக்கும், ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230 வோல்ட்டில் செருகாதீர்கள். ஒரு பிரீசெட்டை மாற்றிச் சேமித்து, மின்சாரத்தை அணைத்து, சிறிது நேரம் கழித்துத் திரும்பப் போடச் சொல்லுங்கள். சேமித்தது மறைந்திருந்தால் உள்ளே நினைவகத்துக்கான லித்தியம் பேட்டரி தீர்ந்துவிட்டது. மாற்றக்கூடியதுதான், விலையில் குறைத்துக் கேளுங்கள். முன்பக்கப் பொத்தான்கள் ஒவ்வொன்றையும் அழுத்திப் பாருங்கள், ஒரு தட்டுக்கு இரண்டு எண் தாவினால் தொடுமுனைகள் தேய்ந்துவிட்டன. உங்கள் கிட்டாரையே எடுத்துச் சென்று, முதலில் கிளீன் டியூப் வாய்ஸில் மீட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.